தஞ்சாவூர் அம்மாவுக்குப் பதில் போட்டாயிற்று, நங்கையா

என் எழுத்தை ஒருநாளும் "நல்லாருக்குது" என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தப்பித்துக்கொள்ளாத என் அருமை நங்கையாளுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. தஞ்சாவூர் அம்மாவுக்குப் பதில் போட்டாயிற்று. கண்ணை மூடுகிறவரைக்கும் "எழுதிட்டியா அம்மிணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அந்தப் பதில்தான். அவர்களிடமிருந்து மறுபதிலும் வந்துவிட்டது. அதில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

இதைப் பத்திரிகையில் போடப்போகிறார்கள். செத்தவளுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் யாரடா என்று ஊர் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அவர்களும் படிப்பார்கள் என்பதால், நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி என்பது முதற்கொண்டு, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். படிக்கிறவர்கள் தடுக்கி விழாமல் எழுத வேண்டும் என்று சொன்னது நீங்கள்தானே.

ஊட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. எழுபத்தெட்டாம் வருஷம் பிறந்தும் மழை பிறக்கவில்லை. கிணற்றில் படி தெரிகிறது. நீங்கள் கறந்த மாடு வேறு யார் கைக்கும் பால் விடவில்லை. அம்மா கறந்து பார்த்தது, நான் கறந்து பார்த்தேன், உதைதான் கிடைத்தது. கடைசியில் அண்ணன் அதை வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போதும் சந்தை கூடினால் அண்ணன் போகிறார். வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. மாடுகளைப் பார்த்துவிட்டு, பொழுதோடு திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்.

நான் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு வருஷத்தில் திரும்பி வந்தவள் என்பது ஊருக்கே தெரியும். வந்த புதிதில் அண்ணன் பெண்டாட்டி என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் கடலைக்காய் மூட்டையை அவிழ்த்து என் பக்கம் கொஞ்சம் தள்ளினீர்கள், "உரி" என்றீர்கள். அவ்வளவுதான் விசாரணை.

உரிக்கிற நேரத்தில்தான் என் கதைகளைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். நம் ஊர் கேரள எல்லைக்குள் இருப்பதால் நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து வாரப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதனால் அதில் வருகிற மாதிரியே எழுதுவேன். "அந்திவானம் செவ்வண்ணம் பூசிக்கொண்டிருந்தது" என்று ஒரு கதையைத் தொடங்கினேன்.

"அந்தி நேரத்துல மாடு கட்டோணும், தண்ணி காட்டோணும், வெளக்குப் பத்தவெக்கோணும்" என்றீர்கள். "வானத்தை எவ அம்மிணி பாத்துட்டிருந்தா?"

"கதைன்னா அப்படித்தான் நங்கையா இருக்கும்."

"அப்ப அது அவங்க கதை. நம்ம கதை எங்கெ?"

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். எழுதுகிறவள் நான், இவள் யார் சொல்ல என்று நினைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதெல்லாம் வேதவாக்கும் இல்லை. கெட்டவன் வந்தால் கதை முடிவதற்குள் அவன் கால் ஒடிந்தாக வேண்டும் உங்களுக்கு. "கால் ஒடியலைன்னா நான் ஒத்துக்கமாட்டேன்" என்று அடம்பிடிப்பீர்கள். உங்களுக்காக ஒரு கதையில் ஒடித்தேன், பத்திரிகையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு நான் உங்களோடு பேசாமல் இருந்தேன். நீங்களும் விட்டுக்கொடுக்கவில்லை, கெட்டவன் கால் சரியாக ஒடியவில்லை, அதனால்தான் திரும்பி வந்தது என்றீர்கள்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். நான் படிக்கப் படிக்க உங்கள் கை கடலைக்காயை நொறுக்கிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் அந்தச் சத்தம் நிற்கிறதோ அந்த இடம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நிற்காத பக்கங்களை உங்களுக்குத் தெரியாமல் கிழித்துப் போட்டிருக்கிறேன். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேண்டுமென்றே நொறுக்கியிருப்பீர்கள்.

உங்கள் மகள் சாந்தாமணி போனபிறகு கொஞ்ச காலம் வீட்டில் கதையும் இல்லை, கடலைக்காயும் இல்லை.

அது அரிசி கிடைக்காத காலம். தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் அரிசி கொண்டுவரக் கூடாது என்று தடை. எல்லையில் செக்போஸ்ட். வயிற்றுப்பாட்டுக்கு அரிசி கடத்துகிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், முந்தானையில் முடிந்துகொள்வார்கள், சிலபேர் துணியில் பொதிந்து கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். சாந்தாமணிக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணன் பொள்ளாச்சிப் பக்கம் மாடு பார்க்கப் போயிருந்தார். அம்மாவுக்கும் அதே காய்ச்சல், நான் அம்மாவோடு இருந்தேன். நீங்கள் ஒண்டியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினீர்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

அங்கே யாரும் உங்களோடு இல்லை. ஒரு மலையாள நர்ஸ் மட்டும் தோளைத் தொட்டு, "விஷமிக்கண்டா சேச்சி" என்றாளாம். வருத்தப்படாதே அக்கா என்று அர்த்தம். அன்று முழுதும் உங்களிடம் யாராவது பேசிய நல்ல வார்த்தை அது ஒன்றுதான் என்று சொன்னீர்கள்.

உயிரில்லாத குழந்தையை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். நீங்கள் துப்பட்டியில் சுற்றி, தலையைத் தோளில் சாய்த்து, தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவருகிறவள்போல ஏறி உட்கார்ந்தீர்கள். வழியெல்லாம் அதன் காதில் பேசிக்கொண்டே வந்தீர்கள். செக்போஸ்டில் குத்தூசியோடு ஒருவர் ஏறினார். மூட்டைக்குள் அரிசி இருக்கிறதா என்று குத்திப் பார்க்கிற ஊசி.

"என்னம்மா துணிக்குள்ள?"

"கொழந்தைங்க. தூங்குது. முழிச்சா அழுவா."

அவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பஸ் எல்லையைத் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடுப்பில் அரிசி கட்டியிருந்தாள். அவள் உங்களை முழங்கையால் இடித்து, "கெட்டிக்காரிதான் போ. எத்தன படி?" என்று கேட்டாள்.

நீங்கள் "மூணு" என்றீர்கள். சாந்தாமணிக்கு மூன்று வயசு.

"மூணுதானா? பாத்தா அஞ்சாட்டத் தெரியுது" என்றாளாம் அவள்.

இதை நீங்கள் என்னிடம் சொன்னபோது நான் அழுத அழுகையில் நீங்கள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். வேறொரு நாள் நீங்களே வந்து, "அதைய எழுது அம்மிணி" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதையெல்லாம் கதையாக்குவதா என்றேன்.

"வாயில சொன்னா பாதிலயே எல்லாரும் அழுகறாங்க. அப்பறம் அவங்களைத் தேத்தறதே எனக்கு வேலையாப் போகுது. முழுசா ஒருத்தரும் கேக்கலை. எழுதிவெச்சா முழுசாக் கேப்பாங்கல்லொ."

எழுத்து எதற்கு என்று பெரிய பெரிய ஆட்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு நீங்கள் சொன்ன இதற்கு மேல் தெரியாது.

எழுதினேன். அழகாக இருக்கட்டும் என்று, பஸ்ஸில் அந்தத் தாய் ஆராரோ பாடிக்கொண்டு வந்தாள் என்று போட்டேன். "நான் பாடலை. பேசிட்டு வந்தேன்" என்றீர்கள். சரி என்று "பேசிக்கொண்டே வந்தாள்" என மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். எனக்கு அந்த செக்போஸ்டுக்கு வந்து சேர்கிற அவசரம்.

கடைசி வரியில்தான் நம் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. "அவளுடைய ஆறாத் துயரம் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தேன்.

"ஆறாத் துயரமா? இது யாரு பேசற பேச்சு?"

"அப்ப துக்கம்னு போடட்டுமா?"

"துக்கம் மத்தவங்க வந்து கேக்கறது. ஒறம்பரை சொந்தம் எல்லாம் வந்து கேட்டுட்டுப் போனா அது முடிஞ்சுபோகும்."

"வெசனம்?"

"வெசனம் மழை பேயலைன்னா படறது. அம்மிணி, எனக்கு இருக்கறது விஷமம். அப்படியே எழுது."

உங்களுக்கும் எனக்கும் அதில் என்ன சந்தேகம்? பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பிறந்து மலையாளம் காதில் விழ வளர்ந்தவர் நீங்கள். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம், எனக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தை பழக்கம். போஸ்டாபீசில், பஞ்சாயத்து ஆபீசில், ரேஷன் கடையில் எல்லோரும் சொல்வது. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் அதே வார்த்தை குறும்பாகிவிடும், குசும்பாகிவிடும், கெடுதல் செய்வதாகிவிடும் என்று நமக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. "அவளுடைய விஷமம் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினேன். அப்படியே அச்சாகி வந்தது. நீங்கள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்கள். அம்மா கடைசிவரை அழாமல் கேட்டது. உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் பார்த்தேன்.

அந்த நிம்மதி பத்திரிகைக்காரர்கள் அனுப்பிவைத்த ஒரு கடிதம் வரும்வரைக்கும்தான். நான் வயக்காட்டில் இருந்தேன். நீங்களே பிரித்துப் படித்துவிட்டு, வரப்போடு நடந்து வந்து, எனக்கும் வாசித்துக் காட்டினீர்கள். தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். அந்தத் தாய் செய்த விஷமம் என்ன, குழந்தைக்கு எதைக் கொடுத்தாள், பெற்ற குழந்தையை முடித்துவிட்டு ஊரையே ஏமாற்றி வருகிற ஒருத்தியைக் கெட்டிக்காரி என்று எழுத ஒரு பெண்ணுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டிருந்தார்கள்.

நீங்கள் அதை மடித்து என்னிடம் கொடுத்தீர்கள். "நான் கொல்லலைன்னு அவங்களுக்கு எழுது" என்றீர்கள்.

"யாரோ எவளோ எழுதினதுக்கு நாம எதுக்கு நங்கையா பதில் சொல்லோணும்? விட்டுத் தள்ளுங்க."

"ஊருக்குள்ள பேசறவ மூஞ்சி தெரியும். நாளைக்கிக் கெணத்தடில பாத்தா நேராக் கேட்டுப்போடலாம். இவங்க எங்கியோ உக்காந்துட்டு என்னையக் கொலைகாரின்னு நெனச்சுட்டே இருப்பாங்க. அவங்க சாகற மட்டும் நான் கொலைகாரிதான்."

நான் அதுவரை படிக்கிறவர்கள் என்றால் ஒரு கூட்டம் என்று நினைத்திருந்தேன். கைதட்டுகிற கூட்டம். ஒருத்தி ஒரு வீட்டில் உட்கார்ந்து, நான் எழுதிய ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. இன்னும் போகவில்லை.

பதில் எழுதினேன். மலையாளத்தில் விஷமம் என்றால் இன்னது, தமிழில் இன்னது என்று விவரமாக எழுதிக் காட்டினேன். "வாத்தியாராட்ட இருக்குது. அந்தம்மா பரிச்சை எழுதப்போறாங்களா?" என்று தள்ளிவிட்டீர்கள். உங்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று இன்னொன்று எழுதினேன். "சண்டைக்கிப் போறே. அவங்க தெரியாமத்தானெ கேட்டாங்க. ஒரு கொழந்தைக்காகத்தானெ கோவப்பட்டாங்க" என்றீர்கள். அழுது எழுதினேன், அது அழுகாச்சி என்றீர்கள். நான் தாளை எறிந்துவிட்டு, "அப்ப நீங்களே எழுதுங்க" என்றேன். நீங்கள் எழுத உட்கார்ந்தீர்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "அன்புள்ள அம்மாவுக்குன்னு போடறதா, வேண்டாமான்னே தெரீல" என்று எழுந்துவிட்டீர்கள்.

அப்புறம் மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பாலக்காட்டுக்கும் கூட்டிப்போனோம். கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துக்கிடந்தபோதும் உங்களுக்கு அந்த நினைப்புத்தான். "எழுதிட்டியா அம்மிணி?" எழுதிட்டிருக்கறனுங்க என்பேன். பொய் இல்லை. எழுதிக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. சரியாக வருமுன்பே நீங்கள் போய்விட்டீர்கள். தஞ்சாவூரில் ஒருத்திக்குக் கொலைகாரியாகவே போய்ச்சேர்ந்தீர்கள்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்தபிறகு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை பதில் எழுதவில்லை. அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். காய்ச்சல், காலை பஸ், ஊசி, துப்பட்டி, குத்தூசி, எத்தன படி, மூணு. துயரம், துக்கம், வெசனம் என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது. விஷமத்தை மட்டும் விட மனசு வரவில்லை. அது உங்கள் வார்த்தை. ஆனால் என் வாயில் இருந்தால் அது குறும்பாகத்தான் போய்ச்சேரும் என்று தெரிந்தது. எடுத்து நர்ஸின் வாயில் வைத்தேன். தோளைத் தொட்டு, "விஷமிக்கண்டா சேச்சி" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பக்கத்தில் அர்த்தம்கூடப் போடவில்லை. குழந்தை போன ஒருத்தியின் தோளைத் தொட்டு இன்னொருத்தி வேறு என்ன சொல்லப்போகிறாள்? இவ்வளவு சுலபமான வழி எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கக் கூடாதா நங்கையா? நீங்கள் இருக்கும்போதே தோன்றியிருக்கக் கூடாதா?

படித்துப் பார்த்தேன், சத்தமாக. கேட்க நீங்கள் இல்லை. சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எந்தச் சத்தமும் இல்லை. அப்படியே ஒட்டித் தபாலில் போட்டேன். நீங்கள் காலமாகிவிட்டதை அதில் எழுதவில்லை. எழுதினால் அந்த அம்மா இரக்கப்பட்டு ஒத்துக்கொள்வார்கள். இரக்கத்தில் ஒத்துக்கொள்வதை நீங்கள் ஏற்றுக்கொள்ளமாட்டீர்கள்.

போன வாரம் பதில் வந்தது. இன்லாண்டு கவரில் சின்னச் சின்ன எழுத்து. தப்பாக நினைத்துவிட்டேன், உங்கள் நங்கையாளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன் நங்கையா. நீங்கள் கொலைகாரி இல்லை. தஞ்சாவூரிலும் இல்லை.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. "வழியெல்லாம் குழந்தையின் காதில் பேசிக்கொண்டே வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினார்கள் என்று எழுதவில்லையே. அவர்களுக்குச் சிரமம் இல்லையென்றால் கேட்டுச் சொல்லுங்கள்."

உங்களோடு ஒரே வீட்டில் இருந்தேன், ஒரே அடுப்பில் சமைத்தேன். பேசிட்டு வந்தேன் என்று நீங்கள் என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்களைப் பார்த்தே இராத, உங்களைக் கொலைகாரி என்று நினைத்த ஒருத்திக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. வார்த்தை தப்பாகப் போய்ச்சேர்ந்த இடத்தில்தான் உங்களுக்குச் சரியான ஆள் இருந்திருக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்குச் சொல்லியிருப்பீர்களோ என்னவோ.

என்ன பேசினீர்கள் நங்கையா? வீடு வந்துவிட்டது என்றா? அப்பா வந்துவிடுவார் என்றா? திட்டினீர்களா? நீங்கள் திட்டியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நான் எழுதுகிறவள். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நான்கு வரி கட்டிவிட எனக்குத் தெரியும். படிக்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மாதிரி எழுதிவிட முடியும். பத்திரிகைக்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள். அந்த அம்மாவும் நம்பிவிடுவார்கள்.

செய்யமாட்டேன். அந்த அம்மாவுக்கு எழுதப்போவது இவ்வளவுதான்: அவர் பேசினார், அது பேசினவருக்கும் கேட்ட குழந்தைக்கும் தெரியும், இரண்டு பேரும் இப்போது இல்லை. இனி எத்தனை பேர் கேட்டாலும், எத்தனை தடவை அந்தக் கதையைத் திருப்பி எழுதினாலும், உங்கள் வாய்க்கும் சாந்தாமணியின் காதுக்கும் நடுவில் என் வார்த்தை ஒன்றைக்கூட வைக்கமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
சாந்தாமணியின் அத்தை,
உங்கள் நாத்தனார்
சரசு